இரவுக் காவலுக்கு எந்தச் சில்லு? வன்னி வயலோரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும் வீதியிலிருந்து உள்ளே இறங்கினால், காட்டை ஒட்டிய ஒரு சிறு குளமும் அதன் கீழ் வயல்வெளியும் இருக்கின்றன. காலபோக நெல் பால்பிடிக்கும் நாள்முதல் அறுவடை முடியும்வரை அங்குள்ள கமக்காரர்கள் இரவில் வீட்டில் உறங்குவதில்லை. பரண் கட்டி, நெருப்பு மூட்டி, யானைவெடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு விடியும்வரை காவல் இருக்கிறார்கள். காவலில் இருப்பவர் அரைமணி நேரம் கண்ணயர்ந்தால் போதும், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் மிதிபட்டுப்போகும். அந்தக் காவலுக்குத் துணையாக, யானையைக் கண்டால் மட்டும் பரணுக்கு அறிவிக்கும் சிறு கருவியொன்றை அமைக்க நாங்கள் ஐந்து பேர் இரண்டு காலபோகங்களாக முயன்றோம். எங்களில் இருவர் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படித்தவர்கள். ஒருவர் அந்த வயல்வெளியிலேயே கமம் செய்பவர்.

இக்கட்டுரை அம்முயற்சியில் நாங்கள் பயன்படுத்திய கணினிச் சில்லுகளைப் பற்றியது. ஒரே வேலையை மூன்று வகைச் சில்லுகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, நுண்செயலி வடிவமைப்பு கடந்த 20 ஆண்டுகளில் ஏன் வேகத்தை விட்டுச் சிக்கனத்தின் பக்கம் திரும்பியது என்பது எங்களுக்கு வயலோரத்தில் வைத்தே விளங்கியது.

வேலையும் அதன் வரவுசெலவும்

வயலில் மின்னிணைப்பு இல்லை. எங்களிடம் இருந்தது 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி அளவுள்ள ஒரு மூடிய ஈயப் பற்றரியும் 20 வாற்று சோலார் பனல் ஒன்றும். பற்றரியின் பெயரளவுச் சக்தி 84 வாற்று மணி. ஈயப் பற்றரியை அடிமட்டம்வரை வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடியும் என்பதால் பாதியை மட்டுமே எடுப்பது என்று முடிவுசெய்தோம்; அது 42 வாற்று மணி. மாலை 6 மணிமுதல் காலை 6 மணிவரையான 12 மணித்தியாலத்துக்கு அதைப் பங்கிட்டால் கருவி சராசரியாக 3.5 வாற்றுக்கு மேல் உண்ணக்கூடாது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து முகில் மூடியிருப்பது வன்னியில் புதினமில்லை. மூன்று இரவுகளை ஒரே பற்றரியில் கடக்க வேண்டுமென்றால் அந்த எல்லை ஏறத்தாழ 1.2 வாற்றாகச் சுருங்குகிறது. இந்த ஒற்றை எண்தான் பின்னால் நடந்த அனைத்தையும் தீர்மானித்தது.

இரண்டாவது நிபந்தனையை ஊரின் மூத்த கமக்காரர் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, மாட்டுக்கும் பண்டிக்கும் கத்துற பெட்டியெண்டா, ரெண்டு நாளைக்குப் பிறகு அதை ஒருத்தரும் காதில எடுக்க மாட்டினம்." அசைவை அறியும் மலிவான உணரி மட்டும் போதாது என்பதை அந்த வார்த்தை உறுதிசெய்தது. கருவி பார்க்கவும், பார்த்ததை இன்னதென்று பிரித்தறியவும் வேண்டும். அதற்கு ஒரு கமராவும், விலங்கின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும், படத்தை ஆராய, மாதிரிகளைக் காட்டிப் பயிற்றுவிக்கும் நரம்பணு வலை என்ற நிரலும் தேவைப்பட்டன.

முதல் வடிவமைப்பு: எதையும் செய்யும் செயலி

முதலாவது காலபோகத்தில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையை எடுத்தோம். 1.5 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் (செக்கனுக்கான துடிப்பு எண்ணிக்கை) இயங்கும் நான்கு கருக்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கொண்ட அதன் செயலியில், கைத்தொலைபேசிகளுக்கென 2017 இல் வெளியான மொபைல்நெற் வகை வலையொன்றை இயக்கினோம். அவ்வலை ஒரு படத்தைப் பார்ப்பதற்கு ஏறத்தாழ 56.9 கோடி பெருக்கல்-கூட்டல்களைச் செய்கிறது. பயிற்சியில் கற்ற எண்களான நிறைகள் அதனிடம் 42 இலட்சம் உண்டு. பலகையும் கமராவும் 5 வாற்று, விளக்கு 3 வாற்று, ஆக 8 வாற்று. அப்படியானால் 42 வாற்று மணி ஐந்தேகால் மணித்தியாலத்துக்கே போதும். வெயில் எறித்த நாள்களில் பற்றரியின் கீழ்ப்பாதியையும் தின்று கருவி விடியற்புறம்வரை தாக்குப்பிடித்தது. முகில் மூடிய மூன்றாம் நாள் நள்ளிரவுக்கு முன்னரே அணைந்துவிட்டது. யானை பெரும்பாலும் வருவது அதற்குப் பின்னர்தான்.

இவ்வளவு வலு எங்கே போகிறது என்று கேட்டால் சில்லுகளின் வரலாற்றுக்குப் போகவேண்டும். 1971 இல் வெளிவந்த இன்டெல் 4004 இல் இருந்தவை ஏறத்தாழ 2300 திரான்சிற்றர்கள், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து அடைக்கும் நுண்ணிய ஆளிகள். அதன்பின் மூன்று தசாப்தங்களாக, திரான்சிற்றர்கள் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கையும் வேகமும் கூடின. ஆனால் ஒரு சதுர மில்லிமீற்றரில் எழும் வெப்பம் அதே அளவுக்குக் கூடவில்லை. அளவு குறையும்போது வோல்ற்றளவையும் அதே விகிதத்தில் குறைத்தால் வலுவின் அடர்த்தி மாறாது என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ரொபேர்ட் டெனார்டும் உடனாய்வாளர்களும் 1974 இல் காட்டியிருந்தார்கள். ஒரு சில்லிலுள்ள திரான்சிற்றர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொருமுறை இரட்டிக்கும் என்னும் மூரின் விதி என்று மக்கள் பேசிய வளர்ச்சியின் அரைவாசி உண்மையில் டெனார்டின் விதியால் கிடைத்தது என்பேன்.

2005 ஐ அண்டிய ஆண்டுகளில் அந்த விதி நின்றுபோனது. வோல்ற்றளவை மேலும் குறைக்க வேண்டுமானால் திரான்சிற்றர் திறக்கும் வாசல் அளவையும் குறைக்கவேண்டும். அதைக் குறைத்தால் அடைத்துவைத்த திரான்சிற்றரிலும் மின்னோட்டம் கசியும். துரிசை இறக்கிய பின்னும் வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. ஒரு துரிசு கசிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கான துரிசுகள் கசிந்தால் குளமே வற்றும். பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹேர்ட்ஸில் நின்றது. அதன் வாரிசாகத் திட்டமிட்டிருந்த செயலியை இன்டெல் 2004 இல் கைவிட்டது. 2005 முதல் ஒரு சில்லில் இரண்டு கருக்கள், பிறகு நான்கு என்று பெருகத் தொடங்கின. கருக்களைக் கூட்டியதும் நிரந்தரத் தீர்வாகவில்லை. வெப்பத்துக்கு அஞ்சிச் சில்லின் ஒரு பகுதியை எப்போதும் அணைத்து இருட்டிலேயே வைத்திருக்கவேண்டிய நிலை வந்தது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹொரோவிற்ஸ் 2014 இல் வெளியிட்ட கணக்கொன்று இந்த இடத்தில் பெரிதும் உதவுகிறது. 45 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் 8 பிற் எண்கள் இரண்டைக் கூட்ட 0.03 பிக்கோ யூல் (ஒரு பிக்கோ யூல் என்பது யூலின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) போதும். 32 பிற் தசம எண்களைப் பெருக்க 3.7 பிக்கோ யூல். ஆனால் பொதுநோக்குச் செயலி ஒரு கட்டளையை எடுத்து, விளங்கிக்கொண்டு, ஒழுங்குபடுத்தி நிறைவேற்றுவதற்கு ஏறத்தாழ 70 பிக்கோ யூல் செலவாகிறது. சில்லுக்கு வெளியேயுள்ள நினைவகத்திலிருந்து 64 பிற் தரவைக் கொண்டுவர 1300 முதல் 2600 பிக்கோ யூல்வரை போகிறது. கணக்குச் செய்வது மலிவு. கணக்குக்கு வேண்டியதைத் தூக்கிவருவதும், என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுப்பதுமே செலவு. ஒவ்வொரு கைப்பிடி விதைநெல்லுக்கும் வயலிலிருந்து வீட்டுக்கு நடந்து திரும்புகிறவர் விதைப்பில் களைப்பதில்லை, நடையிலேயே களைக்கிறார். எங்கள் வலையின் நிறைகள் 32 பிற் எண்களாக 16.8 மெகாபைற்று இடம் பிடித்தன. அச்செயலிக்குள் இருந்த பொது இடைநினைவகம் 1 மெகாபைற்று மட்டுமே. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் அந்த நடை மீண்டும் மீண்டும் நடந்தது.

இரண்டாம் வடிவமைப்பு: ஒரே வேலைக்கென்று பிறந்த சில்லு

இந்தக் கணக்கைக் கண்ட பிறகு, ஒரு வகைக் கணக்கை மட்டும் விரைவாகச் செய்யும் முடுக்கிச் சில்லை நாடுவது இயல்பானது. கூகிள் நிறுவனம் 2015 இல் தன் தரவு மையங்களில் பயன்படுத்தத் தொடங்கிய, நரம்பணு வலைக் கணக்குக்கென்றே அமைந்த முதலாவது ரி.பி.யு. சில்லில், 256 வரிசையும் 256 நிரலுமாக 65,536 பெருக்கிகள் அடுக்கப்பட்டிருந்தன. 700 மெகாஹேர்ட்ஸ் என்ற அடக்கமான மீடிறனில், ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு பெருக்கியும் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 92 இலட்சம் கோடி செயல்கள் ஆகின்றன. அக்காலப் பொதுச் செயலிகளோடும் வரைகலைச் செயலிகளோடும் ஒப்பிட்டபோது, ஒரு வாற்றுக்குக் கிடைத்த வேலை 30 முதல் 80 மடங்கு என்று அதை வடிவமைத்தவர்கள் 2017 இல் அறிவித்தார்கள். அந்தச் சில்லு 28 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. அதனோடு ஒப்பிடப்பட்ட இன்டெல் செயலியோ அதைவிட நுண்ணிய 22 நனோமீற்றரில் செய்யப்பட்டது. ஆகவே அந்தப் பாய்ச்சல் தொழிற்சாலையால் வந்ததில்லை, வடிவமைப்பால் வந்தது. பொறியியல் மாணவர்கள் கவனிக்கவேண்டிய தகவலாக இதை நான் கருதுகிறேன்.

அந்த அடுக்கின் மூலக்கருத்து புதியதும் இல்லை. 1970 களின் பிற்பகுதியில் எச்.ரி. குங், சார்ள்ஸ் லெய்செர்சன் ஆகியோர் முன்வைத்தது அது. இதயத் துடிப்பு இரத்தத்தைத் தள்ளுவதைப் போல, ஒவ்வொரு துடிப்பிலும் தரவு ஒரு பெருக்கியிலிருந்து அடுத்ததற்குத் தள்ளப்படுகிறது. களத்தில் சூடு வைக்கும்போது வரிசையாக நின்று கதிர்க்கட்டைக் கைமாற்றுவார்களே, அதே முறைதான்: யாரும் நடப்பதில்லை, கட்டு மட்டும் நகர்கிறது. நினைவகத்திலிருந்து ஒருமுறை எடுத்த எண் பல பெருக்கல்களுக்குப் பயன்பட்ட பின்னரே விடைபெறுகிறது.

அதே குடும்பத்தின் சிறிய சில்லொன்று யூ.எஸ்.பி. வழியாகப் பலகையில் செருகும் வடிவில் 2019 முதல் கிடைக்கிறது. 2 வாற்று செலவில் செக்கனுக்கு 4 இலட்சம் கோடி செயல்களை அது செய்யும். ஆனால் 32 பிற் தசம எண்களை அது ஏற்காது. நிறைகளையும் இடைவிடைகளையும் 8 பிற் முழுவெண்களாக்கிக் கொடுக்கவேண்டும். இங்கேதான் எங்கள் மிகப் பெரிய தவறு நடந்தது. அதைச் சற்று விரிவாகப் பதிவுசெய்கிறேன்.

8 பிற்றில் 256 படிகளே உண்டு. வலையின் ஒவ்வொரு அடுக்கிலும் வரும் எண்களின் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் மாதிரிப் படங்களைக் காட்டி அளந்து, அந்த இடைவெளியை 256 படிகளாகப் பிரிப்பது வழக்கமான முறை. நாங்கள் காட்டிய மாதிரிகள் இணையத்தில் எடுத்த பகல்வெளிச்ச யானைப் படங்கள். கருவி வேலைசெய்வதோ இரவில். அகச்சிவப்பு விளக்கொளியில் எடுத்த படம் பெரும்பாலும் இருளாகவும், இருளுக்குள் இன்னும் கொஞ்சம் இருளாகவும் இருக்கும். அதன் எண்கள் பகல்படத்தின் வீச்சில் ஒரு சிறு மூலைக்குள் ஒடுங்கிவிடுகின்றன. எட்டிலொரு பங்குக்குள் ஒடுங்கினால் 256 படிகளில் எஞ்சுவது 32 படிகளே. மேசையில் வைத்துச் சோதித்தபோது பிழையின்றி இயங்கிய கருவி, வயலில் யானைக்கும் பாலைமரத்தின் நிழலுக்கும் வேறுபாடு தெரியாமல் நின்றது. சில்லில் பழுது என்று எண்ணி ஒரு வாரம் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். பின்னர் அதே கமராவால், அதே வரம்பிலிருந்து, இரவில் எடுத்த படங்களைக் கொண்டு படிகளை மறுபடி அளந்து, 8 பிற் குறுக்கத்தையும் உள்ளடக்கிப் பயிற்றுவித்தபோது பார்வை திரும்பியது. சிறப்புச் சில்லு தன் சிக்கனத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கிறது; எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அது வேலைசெய்யப்போகும் இடத்தின் தரவைக் கொண்டுதான் அறியமுடியும். வேறொரு நாட்டின் வெயிலில் அளந்த அளவுகோல் வன்னி இருட்டுக்குச் சரிவரவில்லை.

பார்வை திரும்பியதும் வலுவை அளந்தோம். ஒரு படத்தை ஆராயும் நேரம் சில மில்லி செக்கன்களாக இறங்கியிருந்தது. செக்கனுக்கு ஒரு படம் என்று வைத்து, விளக்கையும் படமெடுக்கும் கணத்தில் மட்டும் எரியவிட்டோம். 8 வாற்று 4 வாற்றாக இறங்கியது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. காரணம் எளியது: ஆயிரம் மில்லி செக்கன்களில் சிலவற்றில் மட்டுமே முடுக்கி வேலைசெய்கிறது, எஞ்சிய நேரமெல்லாம் அதைச் சுமக்கும் பலகை எதுவும் செய்யாமலே 3 வாற்றை உண்கிறது. முதல் வடிவமைப்பையே செக்கனுக்கு ஒரு படமாக மட்டுப்படுத்தி, விளக்கையும் அடக்கியிருந்தாலும் ஏறத்தாழ இதே இடத்துக்கே வந்திருப்போம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தரவு மையத்தில் வேலை இடைவிடாமல் வந்து குவிகிறது. அங்கே கணக்கின் விலையே முழு விலை. எங்கள் வயலில் ஓர் இரவின் பெரும்பகுதி எதுவும் நடக்காத நேரம். இங்கே காத்திருப்பதன் விலையே முழு விலை.

காத்திருப்பின் விலையைப் பற்றிப் பேசும்போது 1985 இல் கேம்பிரிஜ்ஜில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. சோபி வில்சனும் ஸ்ரீவ் பேர்பரும் வடிவமைத்த முதலாவது ஆம் (ARM) சில்லின் மின்னோட்டத்தை அளந்தபோது மானி பூச்சியத்தைக் காட்டியது. வலு வழங்கும் கம்பி இணைக்கப்படவே இல்லை. உள்ளீட்டுக் கம்பிகள் வழியாகக் கசிந்த சிறு மின்னோட்டத்திலேயே சில்லு இயங்கிக்கொண்டிருந்தது. மலிவான பிளாஸ்ரிக் உறை வெப்பத்தைத் தாங்கவேண்டும் என்பதற்காக வலுவைக் குறைக்க அவர்கள் பட்ட பாடு அப்படிப் பலித்தது. இன்று கைத்தொலைபேசிகளுக்குள் இருக்கும் செயலிகள் அந்த வழியில் வந்தவையே.

மூன்றாம் வடிவமைப்பு: உறங்கத் தெரிந்த சில்லு

இரண்டாம் காலபோகத்துக்குக் கணினிப் பலகையை முழுவதுமாக நீக்கிவிட்டோம். 2020 இல் மெக்சிம் நிறுவனம் வெளியிட்ட மெக்ஸ்78000 என்ற நுண்கட்டுப்படுத்திக்குள் (செயலியும் நினைவகமும் ஒன்றாக அமைந்த சிறு சில்லு), சிறிய ஆம் கரு ஒன்றும் ரிஸ்க்-5 கரு ஒன்றும் நரம்பணு வலைக்கான முடுக்கியும் ஒன்றாக இருக்கின்றன. வலையின் நிறைகளுக்கென்று 442 கிலோபைற்று நினைவகம் முடுக்கியின் அருகிலேயே அமைந்திருக்கிறது. வெளிநினைவகத்துக்கு நடக்கவேண்டிய தேவையே இல்லை. விதைநெல் வரம்பிலேயே இருக்கிறது.

ஆனால் 442 கிலோபைற்றுக்குள் 42 இலட்சம் நிறைகள் அடங்கா. சில்லுக்கு ஏற்ப வலையை வெட்டவேண்டியிருந்தது. வலையின் அகலத்தைக் காற்பங்காக்கி, படத்தைக் கறுப்பு வெள்ளையில் 96 க்கு 96 புள்ளிகளாகச் சுருக்கியபோது ஏறத்தாழ 250 கிலோபைற்றில் அடங்கியது. பெரிய வலைக்கு 56.9 கோடி பெருக்கல்-கூட்டல்கள் வேண்டியிருந்த இடத்தில் இதற்கு ஒரு கோடிகூட வேண்டியதில்லை. இன்றைய சிறப்புச் சில்லுகளின் முன்னேற்றம் பாதி சிலிக்கனிலும் பாதி இத்தகைய வெட்டுதலிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் இருந்து செய்பவர்களுக்கே பலன் கிடைக்கிறது.

கருவி இப்போது உறங்குகிறது. உடல்வெப்பத்தின் அசைவை அறியும் உணரி தட்டினால்தான் விழிக்கிறது, விளக்கை ஏற்றுகிறது, பார்க்கிறது, மீண்டும் உறங்குகிறது. நிமிடத்துக்கு 5 செக்கன் விழித்திருக்கிறது என்று தாராளமாகவே கணக்கிடுவோம். விழித்திருக்கும்போது விளக்குக்கு 3 வாற்றும் எஞ்சியவற்றுக்கு அரை வாற்றும் என்றால் சராசரி 0.29 வாற்று, ஓர் இரவுக்கு 3.5 வாற்று மணி. பற்றரியின் பாதியே வெயில் இல்லாமல் 12 இரவுகளுக்குப் போதும். 1.2 வாற்று என்ற எல்லைக்குள் வரத் தவித்த நாங்கள் அதன் நான்கிலொரு பங்குக்குள் வந்திருந்தோம். மாரிமழை விடாமல் பெய்த ஒரு வாரத்தைக் கருவி பனலின் உதவி ஏறக்குறைய இன்றியே கடந்தது. இப்போது அதிகம் உண்பது விளக்குத்தான்: ஏழில் ஆறு பங்கு. சில்லு அந்தக் கணக்கில் ஒரு மூலைக்குப் போய்விட்டது.

அந்தச் சில்லிலுள்ள ரிஸ்க்-5 கருவைப் பற்றி ஒரு குறிப்பு. 2010 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இக்கட்டளைத் தொகுதியை (செயலி விளங்கிக்கொள்ளும் கட்டளைகளின் பட்டியல்) எவரும் அனுமதிக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.ரி. யின் சக்தி திட்டம் இதன்மேல் வடிவமைத்த செயலிகள் 2018 இல் சிலிக்கனாகவே வெளிவந்தன. தமிழ்நாட்டு வளாகமொன்றில் நடந்தது அறிவியல்நகரில் நடக்கக்கூடாதென்று இல்லை. சில்லைத் தொழிற்சாலையில் வார்ப்பதற்குப் பெரும் பணம் வேண்டும், ஆனால் வடிவமைத்து, மறுபடி மறுபடி மாற்றி எழுதத்தக்க எப்.பி.ஜி.ஏ. சில்லில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஒரு பலகையும் பொறுமையும் போதும். 13.5 நனோமீற்றர் அலைநீள ஒளியால் சில்லின் வடிவங்களைப் பதிக்கும் இயந்திரங்களும், ஒரே உறைக்குள் பல துண்டுச் சில்லுகளை இணைக்கும் முறைகளும் செய்திகளில் பெரிதாகப் பேசப்படுகின்றன. அவை பெரிய சாதனைகளே. எங்கள் வயலின் கேள்விக்கு அவை தேவைப்படவில்லை.

தீராதவை

வெப்ப உணரியின் எட்டம் குறைவு. சுடுநிலம் ஆறாத இரவுகளில் அது இன்னும் மந்தமாகிறது. ஆகவே பெட்டியை எங்கே வைப்பது என்பதே பெருங்கேள்வியாயிற்று. யானை குளக்கட்டை எந்த இடத்தில் கடக்கும், எந்தப் பற்றையை விலக்கி இறங்கும் என்பதை எங்கள் வரைபடம் சொல்லவில்லை. மாடு மேய்த்துத் திரிந்த பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் காட்டிய மூன்று இடங்களில் இரண்டில் முதல் கிழமையிலேயே படம் கிடைத்தது. மூன்றாவது இடத்துப் பெட்டியை ஒரு யானை மரத்திலிருந்து பிடுங்கி மிதித்துவிட்டது. இப்போது பெட்டிகளைத் தும்பிக்கை எட்டாத உயரத்தில் கட்டுகிறோம்.

எருமை இன்னும் தொல்லை தருகிறது. 96 புள்ளிப் படத்தில், சற்றுத் தள்ளி நிற்கும் எருமையும் யானைக்கன்றும் ஒரே அளவுக் கரும்பொட்டாகவே தெரிகின்றன. அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் யானை என்று வந்தால் மட்டும் பரணுக்கு அறிவிப்பது என்று மாற்றியதில் வீண் எச்சரிக்கை குறைந்தது, ஒழியவில்லை. சில்லில் நிறைகளுக்கான இடத்தில் இன்னும் 190 கிலோபைற்று வரை மீதமிருக்கிறது. எருமையைத் தனி வகையாகக் கற்பிக்க அதைச் செலவிடுவதா, படத்தைப் பெரிதாக்க ஏற்றவாறு வலையை அகலப்படுத்துவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. நான் முதலாவதன் பக்கம். அடுத்த விதைப்புக்கு முன், பட்டியடைக்கும் நேரத்தில் எருமைகளைப் படமெடுப்பதற்காக இரண்டு பெட்டிகளைக் குளத்தடியில் கட்டியிருக்கிறோம்.